ஆஃப்டர் எஃபெக்ட்ஸா, ஃப்யூஷனா, பிளெண்டரா? மோஷன் கிராஃபிக்ஸ் கருவிகள் நேருக்கு நேர்

மோஷன் கிராஃபிக்ஸ் என்பது எழுத்தையும் வடிவங்களையும் வீடியோவில் அசைய வைக்கும் வேலை. ஒரே தலைப்பு அட்டையை இந்த மூன்று மென்பொருள்களிலும் செய்துவிடலாம். முடிந்த வீடியோவைப் பார்த்து எது எதில் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வித்தியாசம் தெரிவது, "லோகோ கொஞ்சம் பெரிசா வேணும், பேரை மாத்தணும், இதே மாதிரி இன்னும் நாற்பது பேருக்கு வேணும்" என்று வாடிக்கையாளர் திரும்பி வரும்போது. அதனால் வசதிப் பட்டியலை ஓரம் வைத்துவிட்டு, மூடிய கோப்பைத் திரும்பத் திறக்கும்போது எந்த மென்பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே இங்கே ஒப்பிடுகிறோம். மாதிரி வேலை: 10 விநாடி, 25 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 25 ஃப்ரேம்), 1920×1080, ஒரு தலைப்பு, ஒரு பெயர்ப்பட்டை, ஒரு லோகோ.

லேயர் அடுக்கும் நோட் வலையும்

1993-இல் வந்த ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இன்றும் லேயர் அடுக்குதான், படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் முறை. ஃபோட்டோஷாப் பழகியவர் அரை நாளில் வேலையைத் தொடங்கிவிடுவார். சிக்கல், அதன் உள்வரிசை கண்ணுக்குத் தெரியாததில் இருக்கிறது. ஒவ்வொரு லேயரிலும் முதலில் மாஸ்க், அடுத்து எஃபெக்ட், அதன் பிறகே இடம், அளவு, சுழற்சி, கடைசியில் லேயர் ஸ்டைல் என்ற வரிசையில் கணக்கு நடக்கிறது. லோகோவுக்கு டிராப் ஷேடோ எஃபெக்ட் போட்டுச் சுழற்றினால் நிழலும் சேர்ந்து சுழல்வது இதனால்தான். நிழலை லேயர் ஸ்டைலாகப் போட வேண்டும். அல்லது சுழற்சியை டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்டில் வைத்து, அதை நிழலுக்கு மேலே நிறுத்த வேண்டும்.

ஃப்யூஷனில் இந்தக் குழப்பமே எழாது. அங்கே ஒவ்வொரு வேலையும் ஒரு நோட், கோடுகளால் இணைக்கும் ஒரு பெட்டி. டிரான்ஸ்ஃபார்ம் நோடுக்குப் பின் ஷேடோ நோடை இணைத்தால் நிழல் நிற்கும், முன்னால் இணைத்தால் சுழலும். வரிசை உங்கள் கண்முன் வரைபடமாக இருக்கிறது. ஐஆன் நிறுவனத்திடமிருந்து 2014-இல் பிளாக்மேஜிக் வாங்கிய இந்த மென்பொருள், 2018-இல் எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் 15-க்குள் ஒரு பக்கமாகவே சேர்க்கப்பட்டது. ஒரு நோடின் வெளியீட்டை எத்தனை கிளைகளுக்கு வேண்டுமானாலும் இழுக்கலாம் என்பதால், லோகோவை ஒரே இடத்தில் மாற்றினால் போதும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதே பலனுக்கு ப்ரீகாம்ப் போட வேண்டும், அதாவது பல லேயர்களை மூட்டி ஒரே லேயராக்க வேண்டும். ப்ரீகாம்ப் உள்ளே ப்ரீகாம்ப் என்று நான்கு அடுக்கு ஆழம் போன கோப்பை வேறொருவர் திறந்தால், எந்த கீஃப்ரேம் (ஒரு நேரத்துக்கான மதிப்பைக் குறிக்கும் புள்ளி) எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும்.

ஃப்யூஷனுக்கும் பொறிகள் உண்டு. இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கும் மெர்ஜ் நோடில் மஞ்சள் முனை பின்னணி, பச்சை முனை முன்னணி. வெளியீட்டின் அளவைத் தீர்மானிப்பது பின்னணிதான். சின்ன லோகோவைத் தவறுதலாகப் பின்னணி முனையில் செருகினால் முழுப் படமும் லோகோ அளவுக்கு வெட்டுப்படும். கன்ட்ரோல்-டி (T) அழுத்தினால் இரண்டு முனைகளும் இடம் மாறும். இன்னொன்று முப்பரிமாணம்: விளக்கு வைத்தும் டெக்ஸ்ட் 3டி தட்டையாகத் தெரிந்தால் ரெண்டரர் 3டி நோடில் லைட்டிங் டிக் விடுபட்டிருக்கும்.

பிளெண்டரை இந்த இரண்டோடும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. அது முப்பரிமாண மென்பொருள். தட்டையான பெயர்ப்பட்டைக்காக அதைத் திறப்பது வீண் சிரமம். ஆனால் லோகோ உடைந்து ஆயிரம் துண்டாகித் திரும்பச் சேர வேண்டும் என்றால், மூன்றில் அதுதான் முறையான இடம்.

அசைவின் வளைவு

மோஷன் டிசைனரின் கைவண்ணம் தெரிவது, அசைவை வளைவாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில்தான், அதனால் இதில் கொஞ்சம் நிற்போம்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எஃப்9 அழுத்தினால் மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கும் ஈஸி ஈஸ் கிடைக்கும். இரு பக்கமும் இன்ஃப்ளூயன்ஸ் (அந்த மென்மை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பது) 33.33 சதவீதம். இதை அப்படியே விட்டுவிடுவதால்தான் பல வேலைகள் ஒரே சாயலில் இருக்கின்றன. வந்து நிற்கும் பக்கத்தை 70 முதல் 85 வரை இழுத்துப் பாருங்கள், பொருளுக்கு எடை வரும். பொசிஷனுக்கு இயல்பாகக் கிடைப்பது வேகத்துக்கான கிராஃப் மட்டுமே. இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பும் ஓவர்ஷூட்டை வளைவாகவே வரைய வேண்டுமானால் 'செபரேட் டைமென்ஷன்ஸ்' கொடுக்க வேண்டும். கொடுத்தால் திரையில் பாதையை வளைக்கும் கைப்பிடிகள் போய்விடும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

புதியவர்களைக் குழப்பும் ஒரு பிழை இதே இடத்தில் இருக்கிறது. ஒரே மதிப்புள்ள இரண்டு பொசிஷன் கீஃப்ரேம்களுக்கு நடுவே அசையாமல் நிற்க வேண்டிய லேயர் மெல்ல நழுவித் திரும்பும். இடப் பாதை தானாக பெசியராக, அதாவது வளைவாக, அமைவதே காரணம். கீஃப்ரேம் இன்டர்போலேஷனில் ஸ்பேஷியலை லீனியர் ஆக்குங்கள். பிரிஃபரன்சஸில் இதையே நிரந்தர இயல்பாக்கும் டிக் ஒன்றும் உண்டு. நிறுவியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை அது.

ஃப்யூஷனில் சென்டரை அசைத்தால் ஸ்ப்லைன் எடிட்டரில் எக்ஸ், ஒய் என்று தனித்தனியாக வராது. டிஸ்ப்ளேஸ்மென்ட் என்ற ஒரே வளைவுதான் வரும், பாதையில் எத்தனை பங்கு கடந்தது என்பது 0-விலிருந்து 1 வரை. பாதையும் வேகமும் தனித்தனியே இருப்பதால் வளைந்து செல்லும் அசைவுக்கு இது அருமையான ஏற்பாடு. அச்சுகள் தனித்தனியே வேண்டுமானால் எக்ஸ்ஒய் பாத் மாடிஃபையரைப் போடுங்கள். ஆயத்தொலைவுகள் பிக்சலில் இல்லாமல் 0–1 கணக்கில் இருப்பதால் (நடு என்பது 0.5, 0.5) எச்டி வேலையை 4கே ஆக்கும்போது எதுவும் இடம் பெயராது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அளவு மாற்றுவதற்கு ஸ்கிரிப்டோ, எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நல் ஆப்ஜெக்டில் கட்டி இழுப்பதோ தேவைப்படும்.

பிளெண்டரில் எக்ஸ், ஒய், இசட் எப்போதும் தனித்தனி வளைவுகள். கிராஃப் எடிட்டரில் டி (T) அழுத்தினால் பேக், எலாஸ்டிக், பவுன்ஸ் போன்ற ஆயத்த ஈஸிங்குகள் வரும். ராபர்ட் பென்னரின் சமன்பாடுகள் அவை. வலைப்பக்க அனிமேஷன் எழுதுபவர்களுக்கும் பழக்கமானவை. பாதையையும் வேகத்தையும் பிரிக்க வேண்டுமானால் ஒரு கர்வ் வரைந்து ஃபாலோ பாத் கட்டுப்பாட்டைப் பயன்படுத்துவதே நேரான வழி.

தமிழ் எழுத்து

ஆங்கிலப் பயிற்சி வீடியோக்கள் தொடாத இடம் இது. கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் 'கொக்கு, சௌக்கியம், ஸ்ரீ, க்ஷேமம்' என்று எழுதிப் பாருங்கள். கொம்பு இடம் மாறி நின்றாலோ, புள்ளி வட்டம் எட்டிப் பார்த்தாலோ அந்த அமைப்பில் எழுத்துக் கோர்ப்பு நடக்கவில்லை என்று பொருள்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எழுத்து எஞ்சின் தேர்வு உள்ள பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எஞ்சினை எடுக்க வேண்டும், அப்போதுதான் யூனிகோட் தமிழ் சரியாக அமரும். அதன் பிறகும் டெக்ஸ்ட் அனிமேட்டரை எழுத்து எழுத்தாக ஓட விட்டால் ஆபத்துதான். 'கொ' என்பது யூனிகோடில் ககரமும் ஒரு உயிர்க்குறியும். திரையிலோ கொம்பு, க, கால் என்று மூன்று வடிவங்கள். மெய்யும் குறியும் தனித்தனியாகப் பறந்து வர வாய்ப்புண்டு. ரேஞ்ச் செலக்டரில் 'பேஸ்ட் ஆன்' என்பதைச் சொற்களுக்கு மாற்றினால் இந்தத் தொல்லை தீரும். எழுத்து எழுத்தாகத்தான் வேண்டும் என்றால் 'கிரியேட் ஷேப்ஸ் ஃப்ரம் டெக்ஸ்ட்' கொடுத்து, ஒரு எழுத்துக்குரிய துண்டுகளைக் கையால் ஒரே குழுவாக்குங்கள். அதன் பிறகு சொல்லைத் திருத்த முடியாது என்பதால், எழுத்துப்பிழை பார்த்து ஒப்புதல் வாங்கிய பிறகே இதில் இறங்க வேண்டும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் எல்லா மென்பொருளிலும் ஓடும் என்பதற்காக இன்றும் பலர் அவற்றை வைத்திருக்கிறார்கள். ஓடும்தான். ஆனால் கொம்பும் காலும் அங்கே தனித்தனி எழுத்துகள், ஆகவே எழுத்து அனிமேஷனில் சிதறல் இன்னும் மோசம். பெயர்ப் பட்டியல் யூனிகோடில் வந்தால் ஒவ்வொன்றையும் மாற்றியில் போட்டு எடுக்க வேண்டியிருக்கும்.

ஃப்யூஷனின் டெக்ஸ்ட் பிளஸ் தமிழில் எப்படி நடந்துகொள்கிறது என்பது பதிப்பையும் எழுத்துருவையும் பொறுத்தது. மேலே சொன்ன சோதனைச் சொற்களே தீர்ப்பு சொல்லட்டும். பிளெண்டரின் டெக்ஸ்ட் ஆப்ஜெக்டை நம்ப வேண்டாம், அதில் இந்திய மொழிகளுக்கான கோர்ப்பு இல்லை. வெக்டர் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் எழுதி, பாதையாக மாற்றி, எஸ்விஜியாக இறக்குமதி செய்து, பிறகு கனம் கொடுப்பதே வழி.

நாற்பது பெயர்கள்

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் பெயர், பதவி, நிறம் மூன்றையும் எசென்ஷியல் கிராஃபிக்ஸ் பேனலில் சேர்த்து மோகர்ட் (எடிட்டிங்கில் மாற்றக்கூடிய வார்ப்புரு) ஆக்கினால், அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் எடிட்டரே பெயரை மாற்றிக்கொள்வார். பட்டையின் அகலம் பெயருக்கேற்ப நீள வேண்டுமானால் செவ்வகத்தின் அளவில் 'சோர்ஸ்ரெக்ட்அட்டைம்' எக்ஸ்பிரஷனை (மதிப்பைக் கணக்கிடும் நிரல் வரி) எழுத்து லேயரை நோக்கிக் கட்டி, இரு பக்கமும் 40 பிக்சல் இடைவெளி சேருங்கள். ஃப்யூஷனில் நோடுகளைச் சேர்த்து மேக்ரோவாக்கி, வெளியே தெரிய வேண்டியவற்றுக்கு மட்டும் டிக் வைத்து, டைட்டில்ஸ் கோப்புறையில் சேமித்தால் எடிட் பக்கத்தில் இழுத்துப் போடும் டைட்டிலாகிவிடும். எடிட்டிங்கும் ரிசால்விலேயே நடக்கிறது என்றால் இதுதான் குறுக்குவழி. மென்பொருள் தாவல் எதுவும் இல்லை.

அட்டவணையிலிருந்து நாற்பதும் தானாக வெளிவர வேண்டும் என்றால் கேவல்ரியையும் பாருங்கள். இருபரிமாண வெக்டருக்கென்றே கட்டிய மென்பொருள் அது. விரிதாள் தரவை நேரே இணைக்க முடியும், டூப்ளிகேட்டரில் ஒரு வடிவத்தை நூறாக்கி அலையாக அசைப்பது சில கிளிக்குகளில் முடியும். ஆனால் வீடியோ மேல் செய்யும் காம்போசிட்டிங் வேலைக்கு அது ஆகாது.

துண்டுகள் பெருகும் வேலையில் உண்மையான போட்டி, இன்னொரு முப்பரிமாண மென்பொருளான சினிமா 4டிக்கும் பிளெண்டருக்கும். சினிமா 4டியின் மோகிராஃப் 2006 முதல் இருக்கிறது: நகலெடுக்கும் குளோனர் போடு, நகல்களை அசைக்கும் எஃபெக்டர் சேர், எந்தப் பகுதியில் என்பதை ஃபீல்டால் கட்டுப்படுத்து, முடிந்தது. பிளெண்டரின் ஜியோமெட்ரி நோட்ஸ் (2021-இல் 2.92 பதிப்பில் வந்தது) அதைவிட நெகிழ்வானது, ஆனால் குளோனரையே நீங்கள்தான் கட்ட வேண்டும். புள்ளிகளைப் பரப்பி 'இன்ஸ்டன்ஸ் ஆன் பாயின்ட்ஸ்' கொடுங்கள். 'ரியலைஸ் இன்ஸ்டன்சஸ்' நோடை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு நல்லது. சீக்கிரம் போட்டால் ஒவ்வொரு நகலும் முழு வடிவமாகி நினைவகத்தை விழுங்கும்.

நினைவகமும் ஒட்டு வேலையும்

1920×1080 ஃப்ரேம் ஒன்று, ஆல்ஃபாவோடு (ஒளிபுகும் அளவைச் சொல்லும் தகவல்) 8 பிட்டில் ஏறத்தாழ 8.3 எம்பி. நம் 10 விநாடிக்கு 250 ஃப்ரேம், 2 ஜிபிக்குச் சற்று மேல். 32 பிட்டுக்கு மாற்றினால் அதே முன்னோட்டம் 8.3 ஜிபி கேட்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் முன்னோட்டம் தயாரானதைக் காட்டும் பச்சைக் கோடு பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பெருக்கல்தான். முன்னோட்டத்தை அரைத் தெளிவில் பார்த்தால் தேவை கால்வாசியாகும். கிரேடியன்ட்டில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் 16 பிட் போதும், மேலே ஒரு சதவீத அளவில் நாய்ஸ் தூவுங்கள்; 32 வரை போக வேண்டியதில்லை.

பிளெண்டரில் ரெண்டர் செய்து மற்றதில் ஒட்டும்போது மூன்று இடங்களில் தப்பு நடக்கும். முதலாவது நிறம். பிளெண்டர் 4.0 முதல் இயல்பான வியூ டிரான்ஸ்ஃபார்ம் (நிறங்களைத் திரைக்கேற்ப மாற்றும் முறை) ஏஜிஎக்ஸ். ஒளியமைத்த காட்சிக்கு நல்லது, ஆனால் லோகோவின் சிவப்பு வெளிறிப்போகும். லோகோவைத் தனியே 'ஸ்டாண்டர்ட்' வைத்து, தானே ஒளிரும் எமிஷன் மெட்டீரியலில் ரெண்டர் செய்யுங்கள். இரண்டாவது ஆல்ஃபா. இஎக்ஸ்ஆர் கோப்பு ப்ரீமல்டிப்ளைட் (நிறம் ஆல்ஃபாவால் முன்பே பெருக்கப்பட்டது), பிஎன்ஜி ஸ்ட்ரெய்ட் (பெருக்கப்படாதது). இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜில் மாற்றிச் சொன்னால் விளிம்பில் கருப்புக் கோடு ஓடும். ஃப்யூஷனில் கலர் கரெக்ட் செய்தபின் விளிம்பு மினுங்கினால் அந்த நோடிலேயே உள்ள 'ப்ரீ டிவைட்/போஸ்ட் மல்டிப்ளை' டிக்கைப் போடுங்கள். மூன்றாவது மோஷன் பிளர். ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் ஷட்டர் ஆங்கிள் 180, பிளெண்டரின் ஷட்டர் 0.5 இரண்டும் ஒன்றே. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஷட்டர் ஃபேஸ் −90 வைத்தால் பிளெண்டரின் 'சென்டர் ஆன் ஃப்ரேம்' உடன் ஒத்துப்போகும்.

பிளெண்டரில் நேரடியாக வீடியோவாக ரெண்டர் செய்யாதீர்கள். 240-வது ஃப்ரேமில் மின்சாரம் போனால் படவரிசையில் மீதிப் பத்துதான் பாக்கி. வீடியோ கோப்பு மொத்தமும் போச்சு.

செயலிக்குள் ஓடும் ஐகான் என்றால் கணக்கே வேறு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஷேப் லேயரால் செய்து பாடிமூவின் செருகுநிரல் வழியாக லாட்டியாக (செயலிகள் ஓட்டும் அனிமேஷன் கோப்பு) எடுக்கலாம். கிளோ, பிளர் போன்ற எஃபெக்டுகளையும் லேயர் ஸ்டைல்களையும் நம்பி வடிவமைத்தால் கைபேசியில் அவை காணாமல் போகும். தொட்டால் ஒரு அசைவு, விட்டால் ஒரு அசைவு என்று நிலை மாற வேண்டுமானால் ரைவ் என்ற கருவியே மேலானது, நிலைகளை மாற்றும் ஸ்டேட் மெஷின் அதன் எடிட்டரிலேயே இருக்கிறது.

எதைப் படிப்பது

பயிற்சி வீடியோ, மென்பொருள் கையேடு, அனிமேஷன் நூல் என்று மூன்று இருக்கின்றன. பெரும்பாலோர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். வீடியோவில் கிடைப்பது ஒரு எஃபெக்டின் செய்முறை, அதுவும் அடுத்த பதிப்பில் மெனு மாறும் வரை. ஃப்யூஷன் கையேடு ஆயிரம் பக்கத்துக்கு மேல்; வரிசையாகப் படிக்க வேண்டாம், மெர்ஜ், டிரான்ஸ்ஃபார்ம், டெக்ஸ்ட் பிளஸ், மாடிஃபையர் அத்தியாயங்கள் போதும். பிளெண்டர் கையேட்டில் கலர் மேனேஜ்மென்ட் பகுதி கட்டாயம்.

அனிமேஷன் நூல்களில், டிஸ்னி அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் தொகுத்த பன்னிரண்டு கொள்கைகளில் ஏழெட்டுதான் நம் வேலைக்கு நேரடியாக உதவும். முன்னசைவு, ஈஸிங், பின்தொடர் அசைவு, டைமிங், காட்சியமைப்பு ஆகியவற்றில் நேரம் செலவிடுங்கள். திடமான வரைதல் பற்றிய பகுதி பாத்திரம் வரைபவர்களுக்கு.

டைமிங்கைப் படித்தால் மட்டும் போதாது, எண்ணவும் வேண்டும். பிடித்த தலைப்புக் காட்சி ஒன்றைப் பிளேயரில் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, ஒவ்வொரு சொல்லும் நுழைய எத்தனை ஃப்ரேம், அடுத்தடுத்த சொற்களுக்கு இடையே எத்தனை, அசையாமல் நின்றது எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். 25 எஃப்பிஎஸ்ஸில் நுழைவுக்கு 12 முதல் 15, இடைவெளிக்கு 2 அல்லது 3 என்பது நல்ல தொடக்கப் புள்ளி. நிற்கும் நேரத்தை மட்டும் ஆங்கில மாதிரியிலிருந்து எடுக்காதீர்கள். விகுதிகள் ஒட்டி நீளும் தமிழ்ச் சொல்லை வாசிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். தலைப்பை வாய்விட்டு நிதானமாக இரண்டு முறை படித்து, அத்தனை ஃப்ரேம் நிறுத்துங்கள்.