பல் உடைக்கப்பட்ட கரடி: காடா, காப்பகமா?

பாகிஸ்தானில் கரடியைக் கயிற்றில் கட்டி நாய்களை ஏவிவிடுகிறார்களே, அந்தப் பந்தயத்திலிருந்து மீட்ட கரடியைக் காட்டில் விட்டுவிடலாமே என்கிறார்கள் சிலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குட்டியிலேயே தாயிடமிருந்து பிடித்து, கோரைப்பல்லை உடைத்து, நகத்தை வெட்டி, மூக்கில் வளையம் மாட்டி வளர்த்தது அங்கே எப்படிப் பிழைக்கும்? மரமேற நகம் வேண்டும். போதாக்குறைக்கு, மனிதரைக் கண்டால் சாப்பாடு என்று கிட்டே வரும், அப்புறம் துப்பாக்கிதான்.

பாகிஸ்தானின் சக்வால் மாவட்டத்து பல்கசர் கரடிக் காப்பகத்தில் வளையத்தைக் கழற்றி, புண்ணை ஆற்றி, ஆயுசு முழுக்கத் தீனி போடுகிறார்கள். செலவு ஓயாது. ஆபத்தும் இல்லாமலில்லை, 2010 வெள்ளத்தில் குண்ட் என்ற இன்னொரு கரடிக் காப்பகமே அழிந்து பெரும்பாலான கரடிகள் செத்தன. இருந்தாலும் வளர்ந்த கரடிக்கு என் ஓட்டு காப்பகத்துக்குத்தான். காடு, மனித வாடை அதிகம் படாத குட்டிக்கு மட்டும்.