தீசியஸ் கதை எதற்காகச் சொல்லப்பட்டது? நான்கு விளக்கங்களும் என் தேர்வும்

கிரேக்கத் தொன்மங்கள் எதற்காக என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பழைய நிகழ்ச்சியின் சிதைந்த நினைவு என்பார் ஒருவர், இயற்கையை விளக்க எழுந்த கதை என்பார் இன்னொருவர், சடங்கிலிருந்து பிறந்தது என்றும் ஊரின் பெருமையை நிலைநாட்டச் சொன்னது என்றும் வேறு சிலர். பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தால் எதுவும் தேறாது. ஒரே கதையை எடுத்து, எந்த விளக்கம் அதற்குப் பொருந்துகிறது என்று பார்ப்போம்.

தீசியஸ் கதை தெரிந்ததுதான். கிரீட் மன்னன் மினோஸுக்கு ஏதென்ஸ் 7 இளைஞர்களையும் 7 பெண்களையும் கப்பமாக அனுப்ப வேண்டும், வெளியே வர வழி தெரியாத மாளிகைக்குள் மாட்டுத்தலை கொண்ட மினோட்டார் அவர்களைத் தின்றுவிடும். ஏதென்ஸ் இளவரசன் தீசியஸ் தானே கிளம்பிப் போய், மினோஸின் மகள் அரியாட்னி கொடுத்த நூலைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, அதைக் கொன்றுவிட்டு மற்றவர்களை மீட்டு வந்தான்.

இதை வரலாறாகப் படிக்கும் பழக்கம் கிரேக்கர்களிடமே இருந்தது. மாளிகை வெறும் சிறை, மினோட்டார் என்பது மினோஸின் தளபதி டாரஸ்தான் என்ற விளக்கத்தை ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் ஃபிலோகோரஸ் எழுதியதாக, தீசியஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ப்ளூட்டார்க் சொல்கிறார். 1900இல் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் கிரீட்டின் பழைய அரண்மனை இருந்த க்னோசோஸில் தோண்டத் தொடங்கி, குழப்பமான அறைகளும் காளைமேல் தாவும் ஓவியமும் வெளிப்பட்ட பிறகு இந்த வாசிப்புக்குப் பெரிய பலம் கிடைத்தது. ஆனால் அந்த அரண்மனை அழிந்ததற்கும் நமக்குக் கிடைக்கும் முதல் தீசியஸ் சித்திரங்களுக்கும் நடுவே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. அதைவிடப் பெரிய குறை ஒன்று: மாட்டுத்தலையை எடுத்துவிட்டு தளபதியை வைத்தால், இந்தக் கதையை ஏன் தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை.

இயற்கை விளக்கத்துக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் மொழியறிஞர் மாக்ஸ் முல்லர் வழியில் வந்தவர்கள் வீரர்களையெல்லாம் சூரியனாகவும் அவர்கள் கொன்ற அரக்கர்களையெல்லாம் இருளாகவும் பார்த்தார்கள். எந்தக் கதைக்கும் ஒட்டும் விளக்கம் இந்தக் கதையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

சடங்கு விளக்கம் வேறு ரகம், இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஏதென்ஸில் ஆஸ்கோஃபோரியா என்ற விழாவில் இரண்டு பையன்கள் பெண் உடை அணிந்து, திராட்சைக் கொத்துள்ள கிளைகளை ஏந்தி ஊர்வலத்தின் முன்னால் போவார்கள். ஏன் பெண் உடை? கிரீட்டுக்குப் போன 7 பெண்களில் இருவர் உண்மையில் தீசியஸ் வேடமிட்டு அனுப்பிய பையன்கள் என்று ஊரார் சொன்னார்கள். பியனோப்சியா விழாவில் பருப்பு, பயறு வகைகளை ஒரே பானையில் வேகவைப்பார்கள். பிழைத்து வந்தவர்கள் மிச்சமிருந்த தானியத்தைக் கொட்டிச் சமைத்துச் சேர்ந்து உண்ட நினைவாம். அப்புறம், அப்பல்லோ தெய்வத்தின் புனிதத் தீவான டெலோஸுக்குப் போகும் கப்பல். தீசியஸ் சென்ற கப்பல் என்று நம்பிய ஒன்றை ஆண்டுதோறும் டெலோஸுக்கு அனுப்புவார்கள், அது திரும்பும்வரை நகரில் யாருக்கும் மரண தண்டனை கிடையாது. கி.மு. 399இல் சாக்ரடீஸ் தீர்ப்புக்குப் பிறகு 30 நாள் சிறையில் உயிரோடு இருந்தது இந்தக் கப்பலால்தான். ஒரு தொன்மம் நகரத்தின் சட்டத்தையே நிறுத்தி வைத்திருக்கிறது என்றால் அதை வெறும் பொழுதுபோக்குக் கதை என்று எப்படிச் சொல்வது? சடங்குதான் முதலில், கதை அப்புறம் என்று ஜேன் ஹாரிசன் போன்ற ஆய்வாளர்கள் வாதிட்டதை மட்டும் என்னால் எல்லா இடத்திலும் ஏற்க முடியவில்லை. திராட்சை விழாவுக்கு அது பொருந்தலாம், மினோட்டாருக்குப் பொருந்தவில்லை.

கடைசியாக அரசியல். ஏதென்ஸின் பானை ஓவியங்களில் நெடுநாள் இன்னொரு கிரேக்க வீரனான ஹெராக்லீஸின் ஆட்சிதான். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் தீசியஸின் சாகசங்கள் வரிசையாக வரத் தொடங்குகின்றன, கொடுங்கோலர்கள் விரட்டப்பட்டு மக்களாட்சி முளைத்த அதே காலத்தில். அப்பல்லோவின் புனிதத் தலமான டெல்பியில் ஏதென்ஸ் கட்டிய காணிக்கைக் கருவூலத்தில் ஹெராக்லீஸுக்குச் சமமாக அவனும் செதுக்கப்பட்டான். கி.மு. 470களில் தளபதி கிமோன் ஸ்கைரோஸ் தீவைப் பிடித்து, அங்கே கிடைத்த பெரிய எலும்புக்கூட்டைத் தீசியஸுடையது என்று சொல்லி ஊர்வலமாகக் கொண்டுவந்து நகரின் நடுவே புதைத்தார். தீவைப் பிடித்ததற்கும் நியாயம் கிடைத்தது, அவருடைய செல்வாக்கும் ஏறியது. மினோஸின் கதியையும் பாருங்கள். ஹோமரின் ஒடிசி காவியத்தில் அவன் பொற்செங்கோலோடு இறந்தவர்களுக்கு நீதி வழங்குபவன். அவனைக் கொடியவனாக்கியது ஏதென்ஸின் நாடக மேடை என்று ப்ளூட்டார்க்கே எழுதியிருக்கிறார்.

ஆனால் அரசியல்வாதிகள் இதை இட்டுக்கட்டினார்கள் என்று சொல்ல முடியாது. கி.மு. 570 வாக்கில் ஏதென்ஸில் செய்யப்பட்ட ஃபிரான்ஸ்வா கலம் என்ற ஓவியப் பானையிலேயே தீசியஸும் அரியாட்னியும் மீட்கப்பட்ட இளைஞர்களும் நிற்கிறார்கள்.

ஆகவே என் தேர்வு சடங்கும் அரசியலும் சேர்ந்தது: கதையை ஆண்டுதோறும் உயிரோடு வைத்தது விழா, அதற்கு அந்தந்தக் காலத்து முகத்தைக் கொடுத்தது நகரத்தின் தேவை. கணவன் ஜேசன் கைவிட்ட மந்திரக்காரி மீடியாவின் கதையிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். அவள் பிள்ளைகளைக் கொன்றது கொரிந்து நகரத்தார்தான் என்று ஒரு வடிவம் உண்டு, கொரிந்தில் அந்தப் பிள்ளைகளுக்குச் சடங்கும் நடந்தது. கி.மு. 431இல் ஏதென்ஸ் மேடையில் நாடக ஆசிரியர் யூரிபிடிஸ் தாயையே கொலைகாரியாக்கினார். அப்படி மாற்ற அவருக்குக் கொரிந்தியர் 5 தாலந்து என்ற பெருந்தொகையைக் கொடுத்தார்கள் என்று ஒரு பழைய வதந்திகூட இருக்கிறது. பணம் கைமாறியதோ இல்லையோ, ஒரு கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பது ஓர் ஊரின் மானப் பிரச்சினை என்று அந்த வதந்தியைப் பரப்பியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.