கண்ணாடியில் ஆவி, காலடியில் தண்ணீர்: ஒரு பழைய காருடன் 5 ஆண்டுகள்

ஓட்டுநர் பக்கக் கதவுப் பையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி கிடக்கும். மழை நாட்களில் ஒவ்வொரு சிக்னலிலும் அதை எடுத்து முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துடைப்பேன். பச்சை விளக்கு விழுவதற்குள் கண்ணாடி மறுபடி வெளுத்திருக்கும். இரண்டு ஆண்டுகள் இப்படியே ஓட்டினேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கார் 2006ஆம் ஆண்டுத் தயாரிப்பு. என் கைக்கு வந்தபோதே அதற்கு 14 வயது. எஞ்சின் சொன்ன பேச்சைக் கேட்டது, கண்ணாடிதான் கேட்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கத் துளிகள், சில கோடுகளாக வழிந்து டேஷ்போர்டில் இறங்கியிருக்கும். உள்ளே நனைந்த கோணிச் சாக்கின் வாடை. பின்இருக்கை சீட் பெல்ட்டை ஒருநாள் முழுதாக இழுத்துப் பார்த்தேன், சுருளுக்குள் இருந்த பகுதியில் சாம்பல் நிறப் புள்ளிகள், பூஞ்சை.

எல்லோரும் செய்வதை நானும் செய்தேன், கண்ணாடிக்கு மருந்து தேடினேன். ஆவி படியாமல் தடுக்கும் ஸ்பிரே, முகச்சவர நுரை, உலர்த்தி மூட்டை, உப்பு டப்பா என்று வரிசையாக வாங்கினேன். சவர நுரையைத் தேய்த்துத் துடைத்தால் உண்மையிலேயே வேலை செய்கிறது. சோப்பு வகைப் பொருட்கள் கண்ணாடியில் மெல்லிய படலமாகத் தங்கி, நீரைத் துளியாகத் திரளவிடாமல் பரப்பிவிடுவதுதான் காரணம். தண்ணீர் அங்கேயேதான் இருக்கும், பார்வையை மறைக்காது, அவ்வளவுதான். என் அனுபவத்தில் ஒரு வாரம் தாங்கும். நன்றாகத் துடைத்து எடுக்காவிட்டால், இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் அந்தப் படலத்தில் பட்டுச் சிதறும். விற்கிற ஸ்பிரேயும் ஏறக்குறைய இதே கதை, விலைதான் வேறு.

கால்சியம் குளோரைடு உப்பு போட்ட டப்பாவை மட்டும் யாரும் ஓடுகிற காரில் வைக்க வேண்டாம். அது உறிஞ்சிய ஈரம் பிசுபிசுப்பான உப்புநீராக அடியில் தேங்கும். ஒரு திருப்பத்தில் என் டப்பா கவிழ்ந்தது. அந்த நீர் எளிதில் உலராது, இரும்பையும் அரிக்கும். இருக்கையின் தண்டவாளத்தில் இன்றும் அந்தத் துருவின் அடையாளம் இருக்கிறது.

சிலிக்கா ஜெல் மூட்டை நல்ல பொருள்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் அதை நம்பினேன். அரைக் கிலோ மூட்டை மிஞ்சிப்போனால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடிக்கும், அதாவது 150 கிராமுக்குச் சற்று மேல். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம்தான். என் காரின் உள்ளே ஏறக்குறைய 3 கன மீட்டர் காற்று. ஆக, உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் பிழிந்தாலும் சுமார் 50 கிராம் தண்ணீர்தான் தேறும். அப்படியானால் மூட்டை மூன்றே நாளில் நிறம் மாறி நிறைந்துவிடுவது எப்படி? காற்றுக்குப் பின்னால் வேறு ஒரு குளம் இருக்க வேண்டும் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மூட்டையை அடுப்பில் காயவைத்துத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தேன். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அதுதான்.

பிரேக் பட்டை மாற்றப் போன இடத்தில் ஒரு வயதான மெக்கானிக் உள்ளே தலையை நுழைத்து மோந்து பார்த்தார். "தம்பி, கண்ணாடியை விடுங்கள். மேட்டைத் தூக்கிப் பார்த்தீர்களா?" என்றார். மேட் காய்ந்துதானே இருக்கிறது என்றேன். "நான் சொல்வது மேலே போட்டிருக்கிற மேட்டை இல்லை. அதற்கும் அடியில்."

வீட்டுக்கு வந்து, கதவு ஓரத்துப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, முன்பக்கப் பயணியின் காலடியில் தரைவிரிப்பைத் தூக்கினேன். விரிப்பின் மேல்புறம் தொட்டால் உலர்ந்துதான் இருந்தது. அடியில் இரண்டு விரல் தடிமனுக்கு ஒரு ஸ்பாஞ்ச் மெத்தை இருக்கிறது, சத்தத்தை அடக்குவதற்காக வைப்பது. அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். விரல்களுக்கு இடையே பழுப்பு நிறத் தண்ணீர் பொங்கி வந்து மணிக்கட்டு வரை ஏறியது. ஒரு துண்டை அதன் மேல் போட்டு மிதித்து, வாளியில் பிழிந்துகொண்டே இருந்தேன். அளந்தபோது 4 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 150 கிராம் குடிக்கும் மூட்டையை வைத்துக்கொண்டு நான் போராடியது இதனுடன்தான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு விடுமுறை நாட்கள் ஆயின. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் இலைகள் மக்கி மண்ணாகவே மாறியிருந்தன. அந்தப் பள்ளத்தின் இரு ஓரங்களிலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. அவை அடைத்தால் நீர் மட்டம் ஏறி, காருக்குள் காற்றை ஊதும் புளோயருக்குக் காற்று போகும் வாய் வழியாக உள்ளே இறங்கிவிடும். கையால் அள்ளி எடுத்தேன். குற்றவாளி அகப்பட்டான் என்று மகிழ்ந்தேன். அடுத்த மழையில் காலடி மறுபடி நனைந்தது.

பிறகுதான் ஒழுங்காகச் சோதனை செய்தேன். தரையில் காய்ந்த செய்தித்தாளை விரித்து, கதவின் உட்புறக் கீழ் விளிம்பில் டால்கம் பவுடரைத் தூவி, மகளை டார்ச்சுடன் உள்ளே உட்கார வைத்தேன். வெளியே நான் தோட்டக் குழாயில் மெல்லிய நீர் விட்டேன். இதில் அவசரம் கூடாது. கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும், ஓர் இடத்துக்குப் பத்து நிமிடமாவது தர வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து எதுவும் புரியாது. அழுத்தக் குழாயும் வேண்டாம், மழை அப்படிப் பெய்வதில்லை. முன்கண்ணாடி ஓரம், ஒன்றுமில்லை. கதவு ரப்பர், ஒன்றுமில்லை. இறக்கி ஏற்றும் கதவுக் கண்ணாடியின் மேல் நீர் விட்டு ஆறேழு நிமிடம் ஆகியிருக்கும். "அப்பா, பவுடரில் கோடு விழுகிறது!"

கதவுக்குள் தண்ணீர் போவது குறை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குறையே இல்லை, வடிவமைப்பே அப்படித்தான். கண்ணாடியின் மேல் விழும் மழை, வெளிப்புற ரப்பரைத் தாண்டிக் கதவுக் கூட்டுக்குள் இறங்கி, அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேற வேண்டும். கூட்டுக்கும் நாம் சாய்ந்துகொள்ளும் கதவுப் பலகைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். தெறிக்கிற நீரைத் திரும்பக் கூட்டுக்குள்ளேயே தள்ளிவிடுவது அதன் வேலை. பலகையைக் கழற்றிப் பார்த்தேன். எனக்கு முன் இந்தக் காரில் யாரோ ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறார்கள். அதற்காகத் தாளைப் பிளேடால் கிழித்து, முடித்ததும் பார்சல் ஒட்டும் டேப்பால் மூடியிருக்கிறார்கள். டேப் எப்போதோ உரிந்து, காய்ந்த இலை போலச் சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்குக் கதவின் அடித்துளைகள் மண்ணால் அடைந்திருந்தன. கதவைத் திறக்கும்போதெல்லாம் 'சளக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கண்ணாடி இறங்கும் சத்தம் என்று நினைத்திருந்தேன்.

பழைய பசையைச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பழைய தாளையே அச்சாக வைத்துத் தடிமனான பாலிதீனில் புதியது வெட்டினேன். ஒட்டுவதற்குப் பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் டேப்தான் சரி. பல ஆண்டுகள் ஆனாலும் இறுகாது, நாளை பவர் விண்டோ கெட்டால் பிரித்து மறுபடி ஒட்டலாம். சிலிக்கான் பசை வேண்டாம். காடி வாடை அடிக்கும் வகை உலரும்போது வெளியிடும் அமிலம் இரும்புக்கு ஆகாது. தாளின் கீழ் விளிம்பைக் கதவின் பிளவுக்குள் செருக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். வெளியே விட்டால் நீங்களே காலடிக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது போல.

உலர்த்துவதுதான் பொறுமையைச் சோதித்தது. இருக்கையைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் வரும் மஞ்சள் இணைப்புகள் ஏர்பேக்குடையவை, விளையாடக் கூடாது. ஸ்பாஞ்சை முடிந்தவரை வெளியே எடுத்து வெயிலில் போட்டேன். முழுதாக வராத பகுதியை மரக்கட்டை வைத்துத் தூக்கி நிறுத்தி, அடியில் மின்விசிறியை ஓடவிட்டேன். 9 நாட்கள். ஐந்தாம் நாளே காய்ந்துவிட்டது என்று தோன்றியது, மெல்லிய காகிதத்தை வைத்து அழுத்தினால் ஈரம் ஊறியது.

கசிவு நின்ற பிறகும் நான்கு பேர் ஏறினால் கண்ணாடி மங்கியது. ஒருவர் மூச்சிலும் தோலிலும் மணிக்குச் சுமார் 40 கிராம் ஈரத்தை வெளியே விடுகிறார். நான்கு பேர் என்றால், காருக்குள் இருக்கும் காற்று தாங்கக்கூடியதை இருபது நிமிடத்திலேயே நிரப்பிவிடுவார்கள். வெளிக்காற்று வந்தாக வேண்டும். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை நான் அணைத்துத்தான் வைத்திருந்தேன், ஆனால் வெளிக்காற்றுக்கு வழி திறக்க வேண்டிய மடல் உள்ளே நகரவேயில்லை. மடலின் மேல் ஒட்டிய ஸ்பாஞ்ச் பொடிந்து இடுக்கில் சிக்கியிருந்தது. இதைச் சோதிப்பது எளிது: புளோயரை முழு வேகத்தில் வைத்துப் பொத்தானை அழுத்துங்கள், சத்தம் மாற வேண்டும். என்னுடையதில் மாறவில்லை.

ஏசியைக் குளிருக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏசியுடன் ஹீட்டரையும் போட்டுக் கண்ணாடிக்குத் திருப்பினால், காற்று முதலில் குளிர்ந்து நீரை உதிர்த்துவிட்டு, பிறகு சூடாகி வரும். இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது. உறைநிலையை நெருங்கும் குளிரில் மட்டும் பெரும்பாலான கார்களில் கம்ப்ரசர் இயங்காது. ஓட்டத்தின் நடுவே ஏசியைச் சட்டென அணைக்கவும் வேண்டாம். உள்ளே குளிர்ந்த தகடுகளில் நிற்கும் நீர் ஆவியாகி, ஒரு நிமிடத்தில் கண்ணாடி முழுதும் வெளுத்துவிடும்.

இன்னொரு குழப்பம்: வெப்பமும் புழுக்கமும் உள்ள நாட்களில் ஏசி அதிகமானால் கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஆவி படியும். வைப்பர் போட்டால் போய்விடுகிறதா? அப்படியென்றால் உள்ளே துடைத்துப் பயனில்லை, குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்புங்கள். படிவது எண்ணெய் போலப் பிசுக்காக இருந்து, லேசாக இனிப்பு வாடையும் அடித்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே போனால் ஹீட்டரின் உட்கலம் ஒழுகுகிறது. அது என் வேலை அல்ல, பட்டறை வேலை.

இப்போது கதவுத் தாள் மாற்றி 3 ஆண்டுகள் ஆகின்றன. உள்ளே ஒரு சிறிய ஈரப்பத மானி வைத்திருக்கிறேன். பழுது பார்க்கும் முன் காலையில் 90 சதவீதத்துக்குக் கீழே காட்டாது, இப்போது மழை நாளிலும் 65ஐ ஒட்டியே நிற்கிறது. பியூட்டைல் அப்படியே மென்மையாக இருக்கிறது. கண்ணாடியின் உட்புறத்தை மாதம் ஒருமுறை ஆல்கஹாலால் துடைக்கிறேன். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து வரும் ஆவி படிந்து ஏற்படும் பிசுக்கில்தான் துளிகள் முதலில் ஒட்டுகின்றன. வைப்பர் பள்ளத்து இலைகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அள்ளுகிறேன். வாடை ஏறக்குறைய போய்விட்டது, சீட் பெல்ட்டின் புள்ளிகள் மட்டும் எத்தனை முறை கழுவியும் போகவில்லை.

போன மாதம் ஸ்டெப்னியை எடுத்தபோது அதன் குழியில் இரண்டு கரண்டித் தண்ணீர் கிடந்தது. இடது பின்விளக்கின் ரப்பர் வாஷர் இறுகி வெடித்திருக்கிறது போலிருக்கிறது. மறுபடி குழாயும் டார்ச்சும்தான். மகள் இப்போது டிக்கிக்குள் சுருண்டு உட்காரும் அளவில் இல்லை. இந்த முறை பின்இருக்கையை மடக்கிவிட்டு டார்ச்சை நான் பிடிக்கிறேன், குழாயை அவள் பிடிக்கட்டும்.