கும்பகோணம் பித்தளை டபரா செட்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கும்பகோணத்தில் கும்பேசுவரர் கோயிலுக்கு அருகிலுள்ள ஒரு பாத்திரக் கடையில் வாங்கிய பித்தளை டபரா செட்டைத் தை மாதத்திலிருந்து அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். கனமும் மெருகும் குறை சொல்ல முடியாதவை. எனினும், கொதிக்கக் கொதிக்கக் காபியை ஊற்றியதும் இது கைக்கு எப்படி இருக்கிறது என்பதே வாங்குபவருக்கு முக்கியம்.

வெப்பத்தைக் கடத்துவதில் பித்தளை எவர்சில்வரைவிட ஏறத்தாழ 7 மடங்கு திறன் கொண்டது. எவர்சில்வர் டம்ளரில் காபியை முக்கால் அளவு ஊற்றினால், காபி படாத விளிம்பு சிறிது நேரம் கை பொறுக்கும் சூட்டிலேயே இருக்கும். பித்தளையிலோ காபி தொட்ட இடத்திலிருந்து சூடு மளமளவென்று மேலேறி விளிம்பை எட்டிவிடுகிறது. விளிம்பு வெளிப்புறமாக அகலமாக மடிந்திருப்பதால் விரல்நுனி மட்டும் பட்டால் போதும் என்பது ஒரு வசதி. அதிலும் கவனமாகவே பிடிக்க வேண்டியிருக்கிறது.

டபராவின் பங்கு இன்னும் சுவையானது. 30 டிகிரி வெப்பநிலையில் இருக்கும் 200 கிராம் டபராவில் 80 டிகிரிக் காபியை 120 மில்லி ஊற்றினால், டபரா சூடாவதற்கே காபி 6 அல்லது 7 டிகிரியை இழந்துவிடும் என்று கணக்கிடலாம். இந்த இழப்பு முதல் ஊற்றலோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. உலோகமும் காபியும் ஒரே சூட்டுக்கு வந்தபின், தூக்கி ஆற்றும்போது காற்று படுவதாலும் ஆவி பறப்பதாலும்தான் காபி ஆறுகிறது. ஆகவே, சூடு குறையாமல் குடிக்க விரும்புவோர் டபராவை முதலில் வெந்நீரில் அலம்பிக்கொள்வது நல்லது. மார்கழி விடியலில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

குறையென்று சொன்னால், டபராவின் அடிப்பாகம் சமமாக அமையாததால் மேசையில் சற்றே ஆடுகிறது. உள்ளே பூசிய வெள்ளீயமும் அடியோரத்தில் மெலிந்திருந்தது. கடையில் சொன்னதும் மறுபடி பூசித் தந்தார்கள். மெல்லிய பூச்சு என்பதால் சூடு கடப்பதற்கு அது தடையாக இல்லை. ஆனால் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும் என்பதால், காபியைச் சுடவைக்க டபராவை அடுப்பில் நேரடியாக வைக்கக் கூடாது.

கை நடுங்கும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் எவர்சில்வரே பொருத்தம். மற்றவர்கள் தயங்காமல் இதை வாங்கலாம். வாங்கும்போது உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பித்தளையின் மஞ்சள் எங்கும் தெரியாத செட்டாகக் கேட்டு வாங்குங்கள்.