கொட்டாஞ்சேனையில் மாலை நேர நற்செய்திப் பகிர்வு: கட்டாயம் போங்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கில், வேலை முடிந்து வருகிறவர்களுக்காகத் தமிழில் இது நடக்கிறது. பிரசங்கம் கிடையாது. வருகிற ஞாயிறு திருப்பலிக்குரிய நற்செய்தியை மெதுவாக இரண்டு முறை வாசிப்பார்கள், கொஞ்ச நேரம் மௌனம், அப்புறம் மனதில் தைத்த வசனத்தை ஒவ்வொருவரும் சொல்லி, அதை இந்த வாரம் வீட்டிலும் வேலையிலும் எப்படிச் செய்யப்போகிறோம் என்று பேசுவோம்.

எனக்குப் பிடித்ததே இந்தக் கடைசிப் பகுதிதான். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகு என்று மத்தேயு 5:23-24 இல் இயேசு சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம், ஆனால் காணித் தகராறில் அண்ணனோடு பேசாமல் இருந்த ஒரு அக்கா, இன்று இரவு செபிக்கும் முன் அவருக்குப் போன் எடுக்கப்போகிறேன் என்று அழுதுகொண்டே சொன்னபோதுதான் அந்த வசனத்தின் பாரம் எனக்கு உறைத்தது. செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு ஓடுகிற நம் சனத்துக்கு விசுவாசம் குறைவில்லை. அதை வீட்டுக்குள் கொண்டுவர இது பெரிய உதவி.

மத்தேயு 6:6 படி கதவைச் சாத்திச் செபிக்க ஒற்றை அறை வீட்டில் வழியில்லையே என்று ஒரு தம்பி கேட்டதற்கு, பஸ்ஸில் கண்ணை மூடி, இயேசு கற்பித்த செபத்தை வரி வரியாக நிறுத்திச் சொல்லுங்கள் என்றார் நடத்துகிற சிஸ்டர். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

மண்டபத்தில் எதிரொலி அதிகம், வயதானவர்கள் முன்வரிசையில் இருப்பது நல்லது. கட்டணம் இல்லை, பைபிள் மட்டும் கொண்டு போங்கள்.