பழைய பவர் மீட்டருக்கு எந்த உதிரி சேரும்? பர்ட் 43-உம் எச்.பி.யும்

பழைய ரேடியோ பவர் மீட்டருக்கு உதிரி தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது, அது துளைக்குள் நுழைகிறதா என்பதை. நுழைவது பெரிய விஷயமில்லை. அந்த மீட்டரின் காலிபரேஷன், அதாவது சரியான அளவைக் காட்டும்படி செய்த திருத்தம், எந்தப் பாகத்துக்குள் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அது இருக்கும் பாகத்தை முழுசாக மாற்றலாம், அதைச் சார்ந்திருக்கும் பாகத்தில் கை வைத்தால் முள் காட்டுவதெல்லாம் பொய்யாகிவிடும். ஹாம்களிடம் (அமெச்சூர் ரேடியோக்காரர்களிடம்) அதிகம் புழங்கும் பர்ட் 43 மீட்டரையும், ஆய்வகங்களிலிருந்து கழிந்து வரும் எச்.பி. (ஹியூலெட்-பேக்கார்டு) மீட்டர்களையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

பர்ட் 43-இல் காலிபரேஷன் 'ஸ்லக்' என்று நாம் சொல்லும் அந்தச் சின்ன உருளைக்குள் இருக்கிறது. உள்ளே, லைனில் போகும் பவரில் துளியை எடுக்கும் ஒரு கப்ளிங் லூப், ரெசிஸ்டர், டயோடு. ஆன்டெனாவுக்குப் போகும் 50 ஓம் லைனுக்குள் ஸ்லக்கைச் செருகி, அம்புக்குறி ஆன்டெனா பக்கம் பார்த்தால் போகும் பவர், திருப்பி வைத்தால் திரும்பி வரும் பவர். மீட்டரில் அச்சிட்ட அளவுகோல்கள் 25, 50, 100 என்று மூன்றுதான். ஒவ்வொரு ஸ்லக்கும் அந்த அச்சுக்கு ஒத்துப்போகும்படி தொழிற்சாலையில் சரிசெய்யப்பட்டது.

அதனால் ஸ்லக்கை முழுசாக மாற்றலாம், அதற்கு இரண்டு தயாரிப்பாளர்கள் உண்டு. ஒன்று, ஒஹையோவின் கிளீவ்லாந்து வட்டாரத்தைச் சேர்ந்த பர்ட் நிறுவனத்தின் அசல். இன்னொன்று, அதே வட்டாரத்திலிருந்து போட்டிக்கு வந்த கோஆக்ஸியல் டைனமிக்ஸ். இவர்களுடைய ஸ்லக் பர்ட் 43-இல் வேலை செய்யும், பர்ட் ஸ்லக் இவர்களுடைய 81000-ஏ மீட்டரில் வேலை செய்யும். பெயருக்காக பர்ட்டுக்கு அதிகம் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. இருபது முப்பது வருஷம் பல கைகள் மாறிய ஒரு ஸ்லக்கின் தரத்தை, அதன் மேல் எத்தனை முறை அதிக பவர் ஏறியது என்பதே தீர்மானிக்கும். லேபிளில் உள்ள பெயர் இல்லை. பர்ட்டுக்கு ஒரே ஒரு உண்மையான அனுகூலம், மறுபடி விற்கும்போது சீக்கிரம் போய்விடும்.

பிராண்டைவிட எண்ணும் எழுத்தும் முக்கியம். பர்ட்டின் எழுத்துகளில் ஹெச் என்றால் 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ், ஏ 25–60, பி 50–125, சி 100–250, டி 200–500, ஈ 400–1000. முன்னால் உள்ள எண் முழு அளவு வாட். 40 மீட்டர் அலைவரிசையில் (7 மெகாஹெர்ட்ஸ்) 100 வாட் ரிக், அதாவது ரேடியோ செட், வைத்திருப்பவருக்கு 100ஏ மலிவாகக் கிடைக்கிறதென்றால் அது வேண்டாம். ஸ்லக்கின் அலைவரிசைக்குக் கீழே கப்ளிங் குறைந்து முள்ளும் குறைத்துத்தான் காட்டும். இரண்டு மீட்டர் அலைவரிசைக்கு (144 மெகாஹெர்ட்ஸ்) 50சி எடுத்தால் மொபைல் செட்டுக்கு ஆகும். கையடக்க செட்டுக்கு 10சி பார்க்க வேண்டும்.

ஹெச்எஃப்-க்கு (30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளுக்கு) 100ஹெச்சா, 250ஹெச்சா, 1000ஹெச்சா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். துல்லியம் முழு அளவில் ±5 சதவீதம், படிக்கும் அளவில் இல்லை. 100 வாட்டை அளக்கும்போது 100ஹெச் 5 வாட் பிசகலாம், 250ஹெச் 12.5 வாட், 1000ஹெச் 50 வாட்! நாளைக்கு லீனியர் (பவரைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர்) வாங்குவேன் என்று இன்றே 1000ஹெச் வாங்குவதில் அர்த்தமில்லை. 100ஹெச்சும் 250ஹெச்சும் ஒரே பவருக்கு 15 வாட் வித்தியாசம் காட்டினால்கூட இரண்டுமே தங்கள் கணக்குக்குள் சரியாகவே இருக்கலாம். விற்றவரோடு சண்டைக்குப் போவதற்கு முன் இதை நினைவில் வைக்கலாம்.

ஆன்டெனா லைனோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆருக்கும் இதே தொல்லை. 100 வாட் போய் 4 வாட் திரும்பினால் எஸ்டபிள்யூஆர் 1.5. 100 வாட் ஸ்லக்கில் அந்த 4 வாட் பிசகு எல்லைக்குள்ளேயே மறைந்துவிடும். அதைக் கவனமாகப் படிக்க வேண்டியவர்கள் திரும்பும் பவருக்கு மட்டும் சின்ன ஸ்லக்கைச் செருகுவார்கள். அப்போது அம்புக்குறி தவறிப் போனால் அந்தச் சின்ன ஸ்லக்கின் டயோடு போச்சு.

இனி மீட்டர் முள். 43-இன் மூவ்மென்ட், அதாவது முள்ளை நகர்த்தும் காயில் அமைப்பு, முழு அளவுக்கு 30 மைக்ரோ ஆம்பியர், ரெசிஸ்டன்ஸ் சுமார் 1400 ஓம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 50 அல்லது 100 மைக்ரோ ஆம்பியர். 50-ஐப் போட்டால் முழு பவருக்கும் முள் 60 சதவீதத்திலேயே நிற்கும். அளவுகோலை மாற்றி வரைந்தால் தீருமா என்றால் தீராது. ஸ்லக்கின் டயோடு எந்த ரெசிஸ்டன்ஸை நோக்கி வேலை செய்கிறது என்பதையும் சேர்த்தே அது காலிபரேட் ஆனது. எனவே அசல் மூவ்மென்ட், இல்லையென்றால் அதே மின்னோட்டமும் அதே ரெசிஸ்டன்ஸும் உள்ள மாற்று. இரண்டும் கிடைக்காதபோது, உள்ளே 1400 ஓம் காட்டும் ஒரு ஆப்-ஆம்ப் (சிறு ஆம்ப்ளிஃபயர் சிப்) சர்க்யூட் போட்டு வேறு மீட்டரை ஓட்டலாம். வேலை செய்யும், ஆனால் பேட்டரி இல்லாமல் ஓடும் மீட்டர் என்ற பெருமை போய்விடும்.

வாங்குமுன் மூவ்மென்ட்டைச் சோதிக்க மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சை வைக்கவே கூடாது. அது அனுப்பும் மின்னோட்டம் முள்ளை வளைத்துவிடும். ஸ்லக்கின் அம்பை மேல்நோக்கித் திருப்புங்கள். அந்த நிலையில் மூவ்மென்ட்டின் காயில் (கம்பிச் சுருள்) ஷார்ட் ஆகும், பயணத்துக்கான ஏற்பாடு அது. பெட்டியை லேசாக அசைத்தால் முள் சோம்பலாக நகர வேண்டும். அம்பு எப்படி இருந்தாலும் ஒரே மாதிரி துள்ளினால் காயிலோ கேபிளோ அறுந்திருக்கலாம்.

கனெக்டரில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் வெளியே வரும் பர்ட்டின் க்யூசி வகை வேறு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சதுர ஃபிளாஞ்ச் உள்ள 'N' வகை கனெக்டர் வேறு. பின்னது அந்த இடத்தில் உட்காராது. ஹெச்எஃப் மட்டும் அளப்பவருக்கு ஒரு அடாப்டர் போதும்.

எச்.பி. பக்கம் வந்தால் கணக்கே மாறுகிறது. 432ஏ ஒரு பிரிட்ஜ். 478ஏ தெர்மிஸ்டர் தலையை (சூட்டில் ரெசிஸ்டன்ஸ் மாறும் சென்சார்) 200 ஓமில் நிறுத்தி வைத்து, ஆர்எஃப் (ரேடியோ அலை பவர்) வந்ததும் எவ்வளவு டிசி குறைந்தது என்று பார்க்கிறது. ஒப்பிடுவது டிசியோடு என்பதால் ஆர்எஃப் ரெஃபரன்ஸ் தேவையில்லை. 435ஏ, 436ஏ அப்படியில்லை. அவற்றின் 8481ஏ தலையில் தெர்மோகப்பிள், சூட்டை வோல்டேஜாக மாற்றுவது. அதன் சின்ன வோல்டேஜை 220 ஹெர்ட்ஸில் வெட்டி அனுப்பும் சர்க்யூட் தலைக்குள்ளேயே இருக்கிறது. மீட்டரின் முகப்பில் 50 மெகாஹெர்ட்ஸ், 1 மில்லிவாட் ரெஃபரன்ஸ் உண்டு. எனவே 8480 வரிசையில் எந்தத் தலையை மாட்டினாலும், மீட்டரை அந்த ரெஃபரன்ஸில் நிறுத்தி, தலை மேல் அச்சிட்ட கால் ஃபேக்டரை (அந்தத் தலைக்கான திருத்த எண்) போட்டால் ஜோடி சேர்ந்துவிடும். 432-க்கும் 435-க்கும் இடையே தலை மாற்றம் கிடையாது.

பழையது வாங்குகிறவருக்கு நான் 435, 436 பக்கம்தான். 478ஏ சராசரி 30 மில்லிவாட்டைத் தாண்டினாலே ஆபத்து, 8481ஏ 300 வரை தாங்கும். மிகச் சின்ன சிக்னலுக்கு 8484ஏ ஆசை காட்டும், 100 பிகோவாட் வரை கீழே போகும். ஆனால் அதன் மேல் எல்லை 10 மைக்ரோவாட்தான், மீட்டரின் 1 மில்லிவாட் ரெஃபரன்ஸ் அதற்கு 100 மடங்கு அதிகம். இடையில் 11708ஏ என்ற 30 டெசிபெல் அட்டெனுவேட்டர் (பவரைக் குறைக்கும் பாகம்) வேண்டும். பழைய சந்தையில் அது தலையோடு சேர்ந்து வருவது அபூர்வம் என்பதால், அதன் விலையைக் கழித்துக்கொண்டே 8484ஏ-வுக்குப் பேரம் பேச வேண்டும்.