இத்தாலியில் வாடகைக் கார் எடுக்கப் போகும் மாணவர்கள் கவனத்துக்கு

2025 மார்ச் கடைசி வாரம் நாங்கள் நாலு பேர் இத்தாலி போனோம். எல்லோரும் ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறோம். பீசாவுக்கு மலிவாக விமான டிக்கெட் கிடைத்தது. மூன்று நாள் கார் எடுத்து பீசாவும் ஃபுளோரன்ஸும் இருக்கும் டஸ்கனி பகுதி, அப்புறம் ரயிலில் ரோம் என்று திட்டம். ரோமில் எந்தக் குறையும் இல்லை. பணம் போனதெல்லாம் விமான நிலையத்துக் கார் கவுண்டரில் போட்ட மூன்று கையெழுத்தாலும், ஃபுளோரன்ஸில் தெரியாமல் நுழைந்த தடைத் தெருக்களாலும்தான். எவ்வளவு போனது என்று தெரியவே ஏழு மாதம் ஆனது. வசந்த விடுமுறைக்கு இப்போதே கார் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு இணையதளத்தில் மூன்று நாளுக்கு 96 யூரோ என்று இருந்தது. 'முழுக் காப்பீடு' என்று அதே தளம் இன்னொரு 30 யூரோ வாங்கிக்கொண்டது. ஆளுக்கு 32 யூரோகூட ஆகவில்லையே என்று சந்தோஷப்பட்டோம்.

எங்களில் ஒருத்தியிடம்தான் ஜெர்மன் லைசென்ஸ் இருக்கிறது. அவளிடம் இருந்தது டெபிட் கார்டு. இங்கே படிக்க வரும் நம் பிள்ளைகள் பெரும்பாலோரிடம் அதுதான் இருக்கும். கவுண்டரில் இருந்தவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிரெடிட் கார்டு இருந்தால் 1,500 யூரோ டெபாசிட் பிடித்து வைப்போம். இது டெபிட், அதனால் எங்கள் காப்பீட்டை எடுத்தால்தான் சாவி" என்றார். நாளுக்கு 38 யூரோ. ஓட்டுகிறவருக்கு 25 வயது ஆகவில்லை என்று நாளுக்கு 20 யூரோ தனியாக. தளத்தில் வாங்கிய காப்பீட்டைக் காட்டினோம். "அது எங்களுடையது இல்லை" என்றார். அது உண்மைதான். அந்தத் தளங்கள் விற்கும் காப்பீடு, சேதத்துக்கு நாம் கையிலிருந்து கட்டிய பணத்தைப் பிற்பாடு திருப்பித் தருவது. கவுண்டரில் டெபாசிட்டைக் குறைக்க அது உதவாது. எங்களுக்கு இது அப்போது தெரியாது.

அவள் தெளிவாகக் கேட்டாள்: "இந்தப் பணம் காரை விட்டதும் திரும்ப வந்துவிடும்தானே?" "ஆமாம், ஆமாம், காரை விட்ட பிறகு" என்றார். நாலு பேரும் காதால் கேட்டோம். டேப்லெட்டை நீட்டினார். திரையில் கையெழுத்துக் கட்டம் மட்டும்தான் இருந்தது. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவள் விரலால் தள்ளப் போனபோது, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று அவசரப்படுத்தினார். மூன்று இடத்தில் போட்டுவிட்டாள். அன்றிரவு மின்னஞ்சலில் ஒப்பந்தம் வந்தது. மூன்று நாளுக்கான 174 யூரோவும் கட்டணம் என்றே இருந்தது, டெபாசிட் என்ற சொல்லே இல்லை. புகார் எழுதியதற்கு வந்த பதில் ஒரே வரி: நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

இத்தோடு போனது என்று நினைத்தோம்.

இரண்டாம் நாள் ஃபுளோரன்ஸில் விடுதியைத் தேடிப் போனோம். அங்கே பழைய நகரப் பகுதி முழுக்க இஸட்.டி.எல்., அதாவது அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் நுழையலாம். வெள்ளை வட்டம், சுற்றிச் சிவப்பு வளையம், அதற்குப் பக்கத்தில் ஒரு மின்பலகை. அதில் சிவப்பில் 'வார்கோ அத்தீவோ' என்று ஓடியது. அத்தீவோ என்றால் இயங்குகிறது என்று அர்த்தம், அப்படியானால் வழி திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம். அர்த்தம் நேர் எதிர்: தடை இப்போது அமலில் இருக்கிறது. 'நோன் அத்தீவோ' என்று இருந்தால்தான் உள்ளே போகலாம். மேலே கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துவிடும். நிறுத்த யாரும் வர மாட்டார்கள், மேப் அதுபாட்டுக்கு வழி சொல்லிக்கொண்டே இருக்கும். இடம் தேடிச் சுற்றியதில் மூன்று முறை நுழைந்திருக்கிறோம். மூன்றுக்கும் எங்களுக்குத் தனித்தனியாக அபராதம் போட்டார்கள்.

ஜூனில் அவள் கார்டிலிருந்து 50 யூரோ வீதம் மூன்று தடவை கார் நிறுவனம் எடுத்துக்கொண்டது. அபராதம் முடிந்தது என்று 150 யூரோவை நாலாகப் பிரித்துக் கொடுத்தோம். பலரும் ஏமாறுவது இங்கேதான். அது அபராதமே இல்லை, ஓட்டியவரின் பெயர், விலாசத்தை மாநகராட்சிக்குக் கொடுத்ததற்கான கூலி. அசல் அபராதக் கடிதங்கள் அக்டோபரில் வந்தன. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 360 நாள் வரை அனுப்பலாம் என்று அவர்கள் சட்டம் சொல்கிறது. ஒன்று 83 யூரோ, மேலே தபால் செலவு. கிடைத்த ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். அவள் இன்டர்ன்ஷிப்புக்காக வேறு ஊரில் இருந்ததால் அந்த ஐந்து நாளும் கடிதம் தபால் பெட்டியிலேயே கிடந்தது.

ஆக 126 யூரோ என்று தொடங்கியது 750-ஐ எட்டியது. ஆளுக்கு 187. நான் சூப்பர் மார்க்கெட்டில் பெட்டி அடுக்குகிறேன், 2025-ல் மணிக்கு 12.82 யூரோ. கிட்டத்தட்ட பதினைந்து மணி நேர வேலை. பீசாவிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு ரயிலில் ஆளுக்குப் பத்து யூரோ அளவில்தான் ஆகும், ஒரு மணி நேரப் பயணம். பணத்தைவிட எனக்கு மனது கேட்காதது, ஓட்டியதால் எல்லாம் தன் தப்பு என்று அவள் அழுதது. அவள் தப்பு எதுவும் இல்லை.

கார் எடுத்தே ஆக வேண்டும் என்றால், முன்பதிவுக்கு முன்பே அந்த நிறுவனத்துக்கு எழுதி, ஓட்டுபவர் பெயரில் உள்ள டெபிட் கார்டுக்கு டெபாசிட் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். கவுண்டரில் அச்சிட்ட தாள் கேளுங்கள். வரிசை நிற்கட்டும். வாயால் சொன்ன எதற்கும் பிறகு மதிப்பில்லை. ஃபுளோரன்ஸுக்கு வெளியே வில்லா கோஸ்தான்ஸா என்ற இடத்தில் காரை விட்டுவிட்டு டி1 டிராமில் ஏறினால் நேரே ஊருக்குள் இறக்கிவிடும். விடுதி தடைப் பகுதிக்குள் இருந்தால், வண்டி எண்ணைப் பதிவு செய்யச் சொல்லி அவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

அந்த 174 யூரோவுக்காக ஜெர்மனியில் கேல் நகரில் இருக்கும் ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கு எழுதியிருக்கிறோம். வேறு ஐரோப்பிய நாட்டு நிறுவனத்தோடு உள்ள வழக்குகளை அவர்கள் இலவசமாகப் பார்க்கிறார்கள். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். மூன்றாம் நாள் லூக்கா என்ற பழைய ஊரிலும் கோட்டை மதிலுக்குள் ஒரு தெருவில் திரும்பி வந்த ஞாபகம் இருக்கிறது, அதுவும் தடைப் பகுதியாக இருந்திருக்கலாம். இதை எழுதும்போது 360 நாள் இன்னும் முடியவில்லை. அவள் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள்.